லண்டனில் நாய் பார்க்கப் போவோம்!

லண்டனுக்குப் போய் வந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். பக்கிங்ஹாம் அரண்மனை பார்த்தோம், கோஹினூர் வைரம் பார்த்தோம், பிக் பென் மணி அடிக்கக் கேட்டோம் என்று அடுக்குவார்கள். "நாய் பார்த்தோம்" என்று ஒருவராவது சொல்வாரா? மாட்டார். "நாய் பார்க்கக் கடல் தாண்ட வேண்டுமா? எங்கள் தெருவிலேயே பத்து இருக்கிறதே!" என்று நீங்கள்கூடச் சிரிப்பீர்கள். ஆனால் நான் சொல்லும் நாய்கள் குரைப்பதில்லை, கடிப்பதில்லை. நூற்றைம்பது, இருநூறு, இருநூற்றெண்பது வருஷங்களாகச் சட்டத்துக்குள் உட்கார்ந்து, வருவோர் போவோரைப் பார்த்துக்கொண்டிருக்கின்றன. எல்லாம் எண்ணெய் வர்ணத்தில் தீட்டிய சித்திரங்கள். ஒரே நாளில் மூன்று சித்திரசாலைகளில் இவற்றைப் பார்த்துவிடலாம். காசும் வேண்டாம், மூன்றிலும் நிரந்தரச் சித்திரங்களைப் பார்க்கக் கட்டணம் கிடையாது.

வீட்டில் ஒரு பிராணியை வளர்த்து, கையில் தூரிகையும் பிடிக்கத் தெரிந்த சகோதரிகளுக்கு இந்தப் பிரயாணம் மிகவும் பிரயோசனப்படும். ஏனென்று சொல்கிறேன்.

வளர்த்த நாயை எண்ணெய் வர்ணத்தில் தீட்டி மாட்ட வேண்டும் என்று ஆசையாக ஆரம்பிக்கிறோம். முதல் நாள் எல்லாம் நன்றாகத்தான் இருக்கும். காது நிமிர்ந்திருக்கும், மூக்கு பளபளக்கும். "ரோமம் இன்னும் கொஞ்சம் மிருதுவாக இருக்கட்டுமே" என்று தடவுவோம். "நிழல் போதவில்லையே" என்று இன்னும் கொஞ்சம் தடவுவோம். மூன்றாம் நாள் பார்த்தால், வெள்ளையும் இல்லை, கறுப்பும் இல்லை, பழுப்பும் இல்லை. மழைக்காலத்துத் தெருச் சேறு மாதிரி ஒரு நிறம் திரைச்சீலை முழுவதும் பரவியிருக்கும். சாயல் நம் நாயினுடையதுதான். உயிர் மட்டும் எங்கேயோ போய்விட்டிருக்கும்.

இது ஏன் நேர்கிறது? மார்கழி மாதத்து வண்ணக் கோலத்தை நினைத்துப் பாருங்கள். சிவப்பும் மஞ்சளும் பச்சையும் நீலமும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும்போது வாசலே ஜொலிக்கிறது. மறுநாள் துடைப்பத்தால் பெருக்கிக் குவியுங்கள். அத்தனை நிறமும் சேர்ந்து ஒரு பிடி சாம்பல்தான். ஒவ்வொரு வர்ணப்பொடியும் தன்மேல் விழும் வெளிச்சத்தில் ஒரு பங்கை விழுங்கிக்கொண்டு, மிச்சத்தை நம் கண்ணுக்கு அனுப்புகிறது. இரண்டு பொடிகள் கலந்தால் இரண்டு வாய் விழுங்குகின்றன. நான்கைந்து கலந்தால் நமக்கு மிஞ்சுவது என்ன? சேறுதான்!

இந்தச் சேற்றில் விழாமல் தப்பியவர்கள் எப்படித் தப்பினார்கள் என்று பார்க்கத்தான் லண்டனுக்குப் போகிறோம். புறப்படுங்கள்.

பாதாள ரயிலில் ஏறிப் பிம்லிகோ நிலையத்தில் இறங்கினால், பத்து நிமிஷ நடையில் தேம்ஸ் நதிக்கரை வந்துவிடும். அங்கே தூண்கள் தாங்கிய முகப்போடு கம்பீரமாக நிற்கிறது டேட் பிரிட்டன் சித்திரசாலை. ஒரு காலத்தில் இந்த இடத்தில் பெரிய சிறைச்சாலை ஒன்று இருந்ததாம். அதை இடித்துவிட்டுக் கட்டிய இந்த மாளிகை 1897-ல் திறக்கப்பட்டது. பணம் கொடுத்த ஹென்றி டேட் சர்க்கரை வியாபாரத்தில் செல்வம் சேர்த்தவர். ஆகவே தித்திப்பான இடம்தான். தைரியமாக உள்ளே வரலாம். ஒரு விஷயம்: எல்லாச் சித்திரமும் எல்லா நாளும் சுவரில் இருக்கும் என்று சொல்வதற்கில்லை. அவ்வப்போது மாற்றுவார்கள், வெளியூருக்கும் அனுப்புவார்கள். முன்னதாக விசாரித்துக்கொண்டு போவது நல்லது.

முதலில் பார்க்க வேண்டியவர் டிரம்ப். உலகம் அறிந்த மனிதரைச் சொல்லவில்லை! வில்லியம் ஹோகார்த் என்ற ஆங்கிலச் சித்திரக்காரர் வளர்த்த பக் ஜாதி நாயின் பெயர் அது. 1745-ல் ஹோகார்த் தம்மையும் தம் நாயையும் சேர்த்து ஒரு படம் தீட்டினார். அதில் ஒரு வேடிக்கை. ஹோகார்த்தின் முகம் படத்துக்குள் ஒரு படமாக, புத்தகங்களின் மேல் சாய்த்து வைத்திருக்கிறது. நாயோ நிஜமாகவே முன்னால் வந்து உட்கார்ந்திருக்கிறது. எஜமானர் படம், நாய்தான் ஆள்!

அந்தப் படத்தின் ஓரத்தில் ஒரு வர்ணப் பலகை கிடக்கிறது, பாருங்கள். அதில் ஒரு பொட்டு வர்ணம்கூட இல்லை. வளைந்து நெளியும் ஒரு கோடு மட்டும் இருக்கிறது. அழகின் ரகசியம் அந்தக் கோட்டில்தான் என்பது அவர் கொள்கை. நமக்கு அந்த வெறும் பலகையே ஒரு பாடம். பலகையில் எவ்வளவு குறைவாக வர்ணம் இருக்கிறதோ அவ்வளவுக்குச் சேறு குறையும். டிரம்பைப் போன்ற பழுப்பு உடம்பும் கறுத்த மூஞ்சியும் உள்ள நாய்க்கு ஐந்து குழாய்கள் போதும்: வெள்ளை, எல்லோ ஆக்கர் என்ற காவி மஞ்சள், பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பு, பர்ன்ட் அம்பர் என்ற கரும்பழுப்பு, அல்ட்ராமரின் நீலம். ஒரு கலவையில் இரண்டு வர்ணம் சேரலாம், அவசியமானால் மூன்று. நான்காவதுக்குக் கை போனால், கையைத் தட்டி விடுங்கள்.

இந்தப் படத்தில் இன்னொரு சங்கதியும் உண்டு. எக்ஸ்-ரே எடுத்துப் பார்த்தபோது, ஹோகார்த் முதலில் தம்மைப் பெரிய பொய்முடியும் ஆடம்பர உடையுமாகத் தீட்டியிருந்தது தெரிய வந்தது. பிறகு மனம் மாறி, மேலேயே சாதாரணத் தொப்பியும் வீட்டு உடையுமாக மாற்றிவிட்டார். எண்ணெய் வர்ணம் இப்படி மாற்ற இடம் கொடுக்கும். ஆனால் அதற்குப் பொறுமை வேண்டும். தண்ணீர் ஆவியாகிற மாதிரி இது காய்வதில்லை; காற்றிலுள்ள பிராணவாயுவை வாங்கி மெதுவாக இறுகுகிறது. அதற்குப் பல நாள் ஆகும். பிடிக்காத இடத்தை ஈரமாக இருக்கும்போதே மேலே மேலே தடவித் திருத்த முயல்வதால்தான் பாதிச் சேறு உண்டாகிறது. ஒன்று, கத்தியால் சுரண்டித் துணியால் துடைத்துவிடுங்கள். அல்லது, நன்றாகக் காயவிட்டு மேலே தீட்டுங்கள்.

அடுத்தது கெய்ன்ஸ்பரோ தீட்டிய பொமரேனியன் நாயும் அதன் குட்டியும். 1777-ஆம் வருஷத்தை ஒட்டித் தீட்டியது. அவருடைய நண்பர் கார்ல் ஏபல் என்பவர் வீட்டு நாய். ஏபல் அந்தக் காலத்தில் பிரசித்தி பெற்ற வாத்தியக் கலைஞர். தாய் நாய்க்கு மேலெல்லாம் வெள்ளைச் சடை. வெள்ளை நாய்தானே, வெள்ளை வர்ணத்தை எடுத்து அப்பினால் போயிற்று என்றுதான் எல்லோரும் நினைப்போம். அப்படிச் செய்தால் நாய் வராது. சுண்ணாம்புச் சுவர்தான் வரும்.

வெளிச்சம் படும் இடத்தில் வெள்ளை ரோமம் லேசாக மஞ்சள் காட்டும். நிழலில் நீலமும் சாம்பலும் காட்டும். வயிற்றுப் பக்கம் தரையின் நிறத்தை வாங்கிக்கொள்ளும். புல் என்றால் பச்சை, சிவப்புத் தரை என்றால் செம்மை. இந்தச் சாயல்களைப் பலகையிலேயே தனித்தனியாகக் கலந்து வைத்துக்கொண்டு, அதனதன் இடத்தில் வைத்துவிட வேண்டும். வைத்த பிறகு? தொடக் கூடாது! இதுதான் கஷ்டம். கெய்ன்ஸ்பரோவுக்கு இது கைவந்த வித்தை. மிக நீளமான காம்புள்ள தூரிகைகளை வைத்துக்கொண்டு, தள்ளி நின்று தீட்டுவார் என்று சொல்வார்கள். அவர் காலமான 1788-ல் அவரைப் பற்றிப் பேசிய சர் ஜோஷுவா ரெனால்ட்ஸ் ஒரு விஷயத்தை வியந்து சொன்னார்: கிட்டப் போனால் கெய்ன்ஸ்பரோவின் படத்தில் கீறலும் கிறுக்கலுமாகத்தான் தெரிகிறது, தள்ளி நின்றால் அதெல்லாம் ஒன்று கூடி உருவமாகிவிடுகிறது என்று. அவர் தொழில்முறையில் போட்டியாளர். போட்டியாளர் வாயால் வந்த பாராட்டு என்றால் கேட்பானேன்!

உங்கள் வீட்டில் ராஜபாளையத்து வெள்ளை நாய் இருக்கிறதா? கெய்ன்ஸ்பரோவின் நாய் முன்னால் கூடப் பத்து நிமிஷம் நில்லுங்கள். முதலில் கிட்டே நின்று பாருங்கள். பிறகு பத்து அடி பின்னால் வாருங்கள்.

இனி லாண்ட்ஸீர். விக்டோரியா மகாராணியின் அபிமானத்துக்குப் பாத்திரமான பிராணிச் சித்திரக்காரர். கறுப்பும் வெள்ளையுமான நியூஃபவுண்ட்லாந்து நாயை அவர் தீட்டிய படம் அவ்வளவு பிரபலமானதால், அந்த வகை நாய்க்கே 'லாண்ட்ஸீர்' என்று பெயர் வந்துவிட்டது. ஆனால் நாம் பார்க்க வேண்டியது 1845-ல் அவர் காட்சிக்கு வைத்த இரண்டு சிறு ஸ்பானியல் நாய்களின் படம். மேஜைமேல் ஓர் இறகுத் தொப்பி. அதன் பக்கத்தில் இரண்டு நாய்களும் கொஞ்சலாகச் சாய்ந்திருக்கின்றன. ஒன்று வெள்ளை மிகுந்தது; மற்றொன்று கறுப்பு. இந்தப் படத்தை இரண்டே நாளில் முடித்தார் என்று சொல்கிறார்கள்.

கறுப்பையும் வெள்ளையையும் ஈரமாகப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இரண்டு நாளில் முடிப்பதென்றால் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்! ரசத்தில் விட்ட கரண்டியைப் பாயசத்தில் விடுவோமா? தூரிகையும் அப்படித்தான். வெளிச்சத்துக்கு ஒன்று, நிழலுக்கு ஒன்று, நடுத்தரத்துக்கு ஒன்று என்று மூன்று தூரிகைகளாவது தனித்தனியே வேண்டும். இரண்டு தீற்றலுக்கு ஒரு முறை பழைய பருத்திப் புடவைத் துண்டில் துடைக்க வேண்டும். கறுப்பு நாய்க்குக் கறுப்பு வர்ணக் குழாயை நாடவே வேண்டியதில்லை. அல்ட்ராமரின் நீலத்தையும் பர்ன்ட் அம்பரையும் கலந்தால் ஆழமான இருட்டு கிடைக்கும். நீலம் தூக்கினால் குளிர்ந்த கறுப்பு. பழுப்புத் தூக்கினால் வெதுவெதுப்பான கறுப்பு. முதுகின் பளபளப்புக்கு, ஈரக் கறுப்பின் மேல் வெள்ளையை இழுத்தால் போயிற்று, ஈயப் பாத்திர நிறம்தான் வரும். வேண்டிய நீலச் சாம்பலைப் பலகையில் கலந்து, அந்த இடத்தைக் காலியாக விட்டுவைத்து, அங்கே வையுங்கள்.

இந்த இரண்டு நாய்களும் வெர்னன் என்ற செல்வந்தர் வீட்டுச் செல்லங்கள். இரண்டின் முடிவும் பரிதாபமானது. வெள்ளை நாய் ஒரு மேஜையிலிருந்து விழுந்து இறந்தது. கறுப்பு நாய் மாடிப்படிக் கம்பிகளின் இடுக்கு வழியாகக் கீழே விழுந்தது. படத்தில் அவை மேஜைமேல் சொகுசாகப் படுத்திருப்பதைப் பார்க்கும்போது மனத்தை என்னவோ செய்கிறது. நாயின் ஆயுள் பன்னிரண்டு, பதினைந்து வருஷம். அதுவும் உறுதியில்லை. எண்ணெய் வர்ணத்தின் ஆயுளோ நூற்றாண்டுக் கணக்கு. "நாளைக்கு ஆகட்டும்" என்று தள்ளிப் போடாமல், நாய் எதிரே படுத்திருக்கும்போதே அதன் நிறத்தை நன்றாகப் பார்த்துக் குறித்து வைத்துக்கொள்ள வேண்டியது இதனால்தான். கைபேசியில் எடுத்த போட்டோ உருவத்துக்கு உதவும். நிழலுக்குள் இருக்கும் நீலத்தையும் செம்மையையும் கண்தான் பிடிக்க வேண்டும். போட்டோவில் அவை பெரும்பாலும் வெறும் இருட்டாகிவிடும்.

கால் வலிக்கிறதா? இன்னும் இரண்டு இடம் இருக்கிறது. நதிக்கரையோடு பார்லிமெண்ட் கட்டிடத்தைக் கடந்து அரைமணி நேரம் நடந்தால் டிரஃபால்கர் சதுக்கம். நெல்சன் தூணைச் சுற்றி நான்கு பிரம்மாண்டமான வெண்கலச் சிங்கங்கள் படுத்திருக்கின்றன. இவற்றை வடித்தவரும் நம் லாண்ட்ஸீர்தான், 1867-ல் வைத்தார்கள். சிங்கத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, எதிரே தெரியும் நேஷனல் காலரிக்குள் நுழையுங்கள்.

இங்கே இருப்பது நாயல்ல, குதிரை. பெயர் விசில்ஜாக்கெட். ஜார்ஜ் ஸ்டப்ஸ் 1762-ஐ ஒட்டித் தீட்டியது. திரைச்சீலையின் உயரம் ஒன்பதரை அடி! முன்னங்கால்களைத் தூக்கிக்கொண்டு, ஒரு கண்ணால் நம்மைப் பார்க்கிறது. 1997-ல் ஒரு கோடியே பத்து லட்சம் பவுன் கொடுத்து இதை வாங்கினார்கள். ஸ்டப்ஸ் சாமானியரல்ல. 1756-ல் தொடங்கிப் பதினெட்டு மாதம் ஒரு கிராமத்துப் பண்ணைவீட்டில் தங்கி, இறந்த குதிரைகளைத் தோல், தசை, எலும்பு என்று அடுக்கடுக்காகப் பிரித்துப் பார்த்து வரைந்தவர். நாற்றத்தையும் பொருட்படுத்தாமல் அவருக்குக் கூட நின்று உதவியவர் மேரி ஸ்பென்சர் என்ற பெண்மணி. எலும்பு எங்கே, தசை எங்கே என்று தெரிந்தவருக்கு, நிழல் எங்கே விழும் என்று தடவித் தடவித் தேட வேண்டியதில்லை அல்லவா? தேடாத கைக்குச் சேறு வராது.

குதிரையின் பின்னணியைப் பாருங்கள். மரம் இல்லை, வானம் இல்லை, புல் இல்லை. வெளிறிய பழுப்புச் சாயல் மட்டும். பின்னங்கால் குளம்படியில் கொஞ்சம் நிழல். அவ்வளவுதான்! பின்னணி அடக்கமாக இருப்பதால் குதிரையின் செம்பழுப்பு மேனி தீபம் மாதிரி ஒளிர்கிறது. பழுப்பு நாய் வைத்திருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். நிழலுக்காகப் பழுப்பில் கறுப்பைச் சேர்த்தால் அழுக்காகும். கரும்பழுப்போடு துளி நீலம் போதும். வெளிச்சத்துக்காக வெறும் வெள்ளையைச் சேர்த்தால் சுண்ணாம்பு பூத்த மாதிரி ஆகும். காவி மஞ்சளோடு சேர்த்து வெள்ளையைக் கொடுங்கள்.

கடைசியாகப் போகும் இடம் வாலஸ் கலெக்‌ஷன். பாண்ட் ஸ்ட்ரீட் நிலையத்தில் இறங்கிச் சில நிமிஷம் நடந்தால், மான்செஸ்டர் சதுக்கத்தில் ஒரு பழைய மாளிகை. உள்ளே பட்டுச் சுவர்களும் தங்கக் கடிகாரங்களுமாகப் பணக்கார வீட்டுக்கு விருந்து போன மாதிரி இருக்கும். லேடி வாலஸ் என்ற சீமாட்டி தம் குடும்பச் சேகரிப்பை நாட்டுக்கு எழுதி வைக்க, 1900-ல் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள். 2023-ல் இங்கே நாய்ச் சித்திரங்களுக்கென்றே ஒரு தனிக் கண்காட்சி நடத்தினார்கள்.

இங்கே பிரிஸோ நமக்காகக் காத்திருக்கிறது. ஒன்றரை அடி உயரமே உள்ள சிறிய படம். சடை முடி நாயின் முகம். அதன் பெயரையும் படத்திலேயே எழுதியிருக்கிறது. 1864-ல் இதைத் தீட்டியவர் ரோஸா போனர் என்ற பிரெஞ்சுப் பெண்மணி. பெண்கள் கால்சட்டை போடக் கூடாது என்று பாரிஸில் சட்டம் இருந்த காலத்தில், மாட்டுச் சந்தைக்கும் கசாப்புக் கூடத்துக்கும் போய்ப் பிராணிகளைப் பார்த்து வரைவதற்காகப் போலீஸாரிடம் அனுமதிச் சீட்டு வாங்கி, ஆறு மாதத்துக்கு ஒரு முறை புதுப்பித்துக்கொண்டு கால்சட்டை அணிந்தவர்! 1865-ல் பிரெஞ்சு மகாராணி யூஜெனி அவர் வீட்டுக்கே வந்து, 'லீஜியன் ஆஃப் ஆனர்' பதக்கத்தைத் தம் கையால் அணிவித்தார். அந்தப் பதக்கம் பெற்ற முதல் பெண் சித்திரக்காரர் அவர்தான். வீட்டில் சிங்கம்கூட வளர்த்தார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிரிஸோவைப் போலப் பல நிறம் கலந்த ரோமம்தான் எல்லாவற்றிலும் கஷ்டம். நம் நாட்டு நாய்களிலும் பூனைகளிலும் பாதி இப்படித்தான். "கலந்த நிறம்தானே" என்று கலந்தால் தீர்ந்தது! முதலில் கண்ணை இடுக்கிக்கொண்டு, மொத்தத்தில் இருண்ட பகுதி எது, வெளுத்த பகுதி எது என்று பார்த்து மெல்லிய வர்ணத்தால் நிரப்புங்கள். அது காய்ந்த பிறகு, மேலே ரோமத்தை அதன் போக்கிலேயே, பழுப்புக்குப் பழுப்பு, சாம்பலுக்குச் சாம்பல் என்று தனித்தனித் தீற்றலாக வையுங்கள். கலக்கும் வேலையைப் பார்ப்பவரின் கண் செய்துகொள்ளும். ஒவ்வொரு மயிரையும் தீட்ட வேண்டாம். காது ஓரம், கழுத்து, நெற்றி, இங்கே மட்டும் சில இழை காட்டினால் போதும்.

மூன்று சித்திரசாலையும் பார்த்தாயிற்று. ஐந்து பேரும் ஐந்து விதம். ஆனால் ஒரு விஷயத்தில் எல்லோரும் ஒன்று: நிறம் தூரிகைக்கு வருமுன்னே கண்ணில் தீர்மானமாகிவிடுகிறது. நெடுநேரம் பார்க்கிறார்கள், ஒரு தடவை வைக்கிறார்கள், விட்டுவிடுகிறார்கள்.

வீட்டுக்கு வந்து நீங்கள் ஆரம்பிக்கும்போது இன்னும் சில விஷயங்களை நினைவில் வையுங்கள். வெளிச்சம் ஒரே பக்கத்திலிருந்து வரட்டும். காலையில் ஆரம்பித்ததை மாலை வெயிலில் தொடராதீர்கள். அடிப்பூச்சில் எண்ணெய் குறைவாகவும் மேற்பூச்சில் அதிகமாகவும் இருக்கட்டும்; மாறிப் போனால் பின்னால் வெடிக்கும். நிழலை மெல்லியதாகவும் வெளிச்சத்தைச் சற்றுக் கனமாகவும் வையுங்கள். கண்ணில் மினுங்கும் வெள்ளைப் பொட்டைக் கடைசியில், சுத்தமான சிறு தூரிகையால், ஒரே ஒரு தடவை வையுங்கள். டர்பன்டைன் புழங்கும் அறையில் ஜன்னல் திறந்திருக்கட்டும். நாயோ பூனையோ குழந்தையோ அதை நக்கிவிடாமல் எட்டாத இடத்தில் வையுங்கள். எண்ணெய் துடைத்த துணிகளைக் குவியலாகப் போட்டு வைக்காதீர்கள். ஆளிவிதை எண்ணெய் ஊறிய துணிக் குவியல் தானாகவே சூடேறித் தீப்பிடிப்பதுண்டு. வெளியே விரித்துக் காயவைத்து எறியுங்கள்.

இதெல்லாம் இருக்கட்டும். இப்போது உங்கள் வீட்டு வாசலில் எட்டிப் பாருங்கள். அவன் அங்கேதான் படுத்திருக்கிறான், அல்லவா? காது ஓரத்தில் வெயில் பட்டு ஒரு செம்மை தெரியும். பக்கத்தில் நிழல் என்ன நிறம்? கறுப்பு என்று அவசரப்பட்டுச் சொல்லிவிடாதீர்கள். கிட்டே போய் உட்கார்ந்து, இன்னும் கொஞ்ச நேரம் பாருங்கள். தூரிகையை அப்புறம் எடுத்துக்கொள்ளலாம்.